எல்லோரும் சாப்பிடக்கூடியது

புதிய விஞ்ஞானக்கூடம் கட்டுவதற்காக எங்கள் பள்ளியில் ஒரு விழா நடத்தலாம் என்று பாதிரிமார்கள் முடிவு செய்த ஆண்டில் நான் கடைசி வகுப்பில் இருந்தேன். சீன மாணவர்களுக்கு இரண்டு கடை, மலாய் மாணவர்களுக்கு ஒன்று, இந்திய மாணவர்களுக்கு ஒன்று, ஐரோப்பியச் சீமாட்டிகளுக்கு மைதானத்தில் நிழல் விழும் பக்கம் முழுவதும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். இந்திய மாணவர்கள் தின்பண்டம் விற்க வேண்டும். என்ன தின்பண்டம் என்பதை நாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். அந்தக் கடைசி வாக்கியத்தால் எங்களுக்கு மூன்று வாரம் போயிற்று.

உடனே ஒரு குழு அமைத்தோம். நான்கு பேர் இருந்தோம், நான்கு பேருக்கும் பதவி இருந்தது. தலைவன், மார்க்கெட் தெருவில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பையன். துணைத்தலைவன் யாழ்ப்பாணத்துக்காரன், அவன் அப்பா எங்கள் தீவுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம், ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தார். அவன் தினமும் கடல் தாண்டும் பெரிக் கப்பலில் வந்து போவான். சுத்த சைவம். பொருளாளன் கத்தோலிக்கன், ஆபீஸில் கணக்கு எழுதும் ஒரு கிராணியின் மகன். நான் செயலாளன். என் எழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் எழுத்தே இருந்ததில்லை. ஆகவே அதை நான் மிகவும் மதித்தேன். 'குடிக்கத் தண்ணீர் வேண்டும்' என்று தலைவன் சொன்னதைக்கூடக் கூட்டக் குறிப்பில் எழுதிவைத்தேன்.

என் அப்பாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அவர் ஜெட்டியில், பெரி ஏறும் இடத்தில், தலையில் தட்டு வைத்து அவித்த கடலை விற்றார். ஊரில் எல்லா சாதியாரும் அவரைக் 'கச்சான் பூத்தே' என்றே கூப்பிட்டார்கள். மலாய்க்காரர்கள் கடலைக்கு வைத்த பேர், விற்பவருக்கும் அதுவே பேராகிவிட்டது. என் குழுவினர் மூவரும் நாலு வருடமாக அவரிடம் கடலை வாங்கித் தின்றவர்கள். அவர் என் அப்பா என்று மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அவர்களோடு ஜெட்டிப் பக்கம் போக நேர்ந்தால், கடலை எனக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றைப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு நான் சுங்கச்சாவடித் தூணருகே நின்று கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பாவும் என் பக்கம் திரும்ப மாட்டார். இதை நாங்கள் ஒருநாளும் பேசி வைத்துக்கொண்டதில்லை.

முதல் கூட்டத்திலேயே நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். 'இக்குழுவின் நான்கு உறுப்பினரும் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் உண்ணக்கூடிய பண்டத்தையே நமது கடையில் விற்பது.' இந்திய ஒற்றுமைக்கு இது அவசியம் என்று பத்து நிமிடம் பேசினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த வாக்கியத்தை எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது மூன்றாவது வாரத்தில்.

தலைவன் முதலில் கொத்துக்கறி அடைத்த முர்தபா என்றான். அவன் மாமாவின் சாப்பாட்டுக் கடையிலிருந்து சுடச்சுட வரும். விழா வெள்ளிக்கிழமை பிற்பகல். பாதிரிமார் பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை வளாகத்துக்குள் இறைச்சி வரக் கூடாது என்று பலகையிலேயே எழுதியிருந்தது. பொருளாளன் அதைச் சுட்டிக்காட்டும்போது கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தான். அவன் மீன் கட்லெட் என்றான். மீன் கட்லெட் தட்டுக்குப் பக்கத்தில் தன்னால் நிற்கவே முடியாது, தின்பது பிறகு பேச்சு என்றான் துணைத்தலைவன். கேக் என்று யாரோ சொன்னான், முட்டையில் முடிந்தது. உளுந்து வடை என்றான் துணைத்தலைவன். புல் கருகிவிடும் என்று மைதானத்தில் அடுப்பு மூட்டத் தடை. அப்படியானால் வீட்டிலிருந்து சுட்டுக்கொண்டு வாயேன் என்றோம்.

அவன் வருத்தத்தோடு சொன்னான்: "எங்கட வீட்டுப் பாத்திரம் வெளியில போனா அம்மா திரும்ப அடுக்களைக்குள்ள எடுக்கமாட்டா."

"பாத்திரத்தை நாங்க தர்றோம்லா," என்றான் தலைவன்.

"உங்கட பாத்திரம் எங்கட அடுக்களைக்குள்ள எப்பிடி வரும்?"

'வடை, பாத்திரம் காரணமாக ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதினேன்.

இரண்டாவது வாரம் ஜெல்லியில் கழிந்தது. சீமாட்டிகள் விருந்துகளில் அது கண்ணாடி போல ஆடிக்கொண்டு நிற்குமாம்; பெட்டியில் தூளாக விற்கிறார்கள், தண்ணீர் ஊற்றினால் போதும். நெருப்பு இல்லை, முட்டை இல்லை, மீன் இல்லை. எங்கள் சங்கடங்களை அறிந்து வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது போல இருந்தது. எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நான்தான், செயலாளனுக்குரிய கடமையுணர்ச்சியோடு, பள்ளி நூலகத்துக்குப் போய் அந்தச் சொல்லை அகராதியில் பார்த்தேன். விலங்குகளின் எலும்பையும் தோலையும் கொதிக்கவைத்து எடுப்பது என்று போட்டிருந்தது. கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன்.

"எந்த விலங்கு?" என்றான் தலைவன்.

அகராதியில் அது இல்லை. பன்றியாக இருந்தால் அவனுக்கு ஆகாது, மாடாக இருந்தால் எனக்கு ஆகாது, எதுவாக இருந்தாலும் துணைத்தலைவனுக்கு ஆகாது, விழா வெள்ளிக்கிழமை என்பதால் பொருளாளனுக்கும் சந்தேகம். நான்கு மனச்சாட்சிகளையும் ஒரே பண்டம் ஒரே நேரத்தில் தாக்கியது அதுதான் முதல் தடவை. துணைத்தலைவன் போன கிறிஸ்துமஸுக்கு அப்பாவின் துரை வீட்டில் அதை இரண்டு கிண்ணம் சாப்பிட்டிருந்தானாம்.

ரொட்டியும் ஜாமும் மிஞ்சியது. இதில் யாருக்கும் குறை இருக்க முடியாது என்று நான் குறிப்பேட்டில் பாதி எழுதியும்விட்டேன். அப்போது பொருளாளன், தகவலாகத்தான் சொன்னான், கெடுக்க வேண்டும் என்று இல்லை: "எங்க வீட்டுக்குப் பின்னாலதான் ரொட்டிக் கடை. விடியக்காலம் மரத்துக் கள்ளு வாங்கித்தான் மாவைப் புளிக்கவைக்கிறாங்க. அதான் அந்த வாசனை."

தலைவனின் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். பிறந்ததிலிருந்து காலை தவறாமல் தேத்தண்ணியில் ரொட்டி நனைத்துத் தின்றவன் அவன். அவன் வாப்பாவும் அப்படியே. "இத எதுக்குடா இப்ப சொன்னே?" என்று மட்டும் கேட்டான். மறுநாளிலிருந்து அவன் வீட்டில் காலைக்கு இட்லி. ஒரு கடை வைப்பதற்காகக் கூடிய குழு, ஒரு குடும்பத்தின் காலைச் சாப்பாட்டை மாற்றியதுதான் அதுவரை செய்த ஒரே காரியம்.

ஐஸ் சர்பத்தைச் சீன மாணவர்கள் முன்பே எடுத்துக்கொண்டிருந்தார்கள். விழாவுக்கு ஆறு நாள் இருந்தது. வெயில். பொருளாளன்தான் மெல்லச் சொன்னான்:

"ஜெட்டியில அந்தக் கச்சான் பூத்தேக்காரர் இருக்காரே."

என் பேனா நின்றுவிட்டது. மற்ற மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இறைச்சி இல்லை. மீன் இல்லை. முட்டை இல்லை. கள் இல்லை. எலும்பு இல்லை. அவித்துக்கொண்டு வந்துவிட்டால் நெருப்பும் வேண்டாம். அதை நாலு வருடமாகத் தின்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யார் வீட்டு அடுப்பில், யார் பாத்திரத்தில் அவிகிறது என்று வடைக்குக் கேட்டவன் கடலைக்குக் கேட்கவில்லை. "வெளியில வாங்கித் தின்னுறது வேறை," என்றான் துணைத்தலைவன், யாரும் கேட்காமலே.

நான் எழுந்து நின்றேன். தீர்மானத்தின்படி நான்கு உறுப்பினரும் உண்ணக்கூடியதாக இருக்க வேண்டும், எனக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது என்பது குழுவுக்கு நன்றாகத் தெரியும் என்றேன். தலைவன் துணைத்தலைவனோடு கலந்து பேசித் தீர்ப்புச் சொன்னான். தீர்மானத்தில் மனச்சாட்சி என்றுதான் இருக்கிறது, வயிறு என்று இல்லை. வயிறு ஒரு மதம் ஆகாது. ஆட்சேபணை தள்ளுபடி. அதையும் நானே எழுதினேன்.

கடலைக்காரருக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதிச் செயலாளரே நேரில் கொடுக்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. ஆங்கிலத்தில் எழுதினேன். 'ஐயா' என்று தொடங்கி, 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்' என்று முடித்துக் கையெழுத்திட்டேன். அன்று மாலை எங்கள் அறையில், அப்பா தட்டை இறக்கி வைத்துவிட்டுக் கால் கழுவி வந்ததும், அதை அவரிடம் நீட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே நான் எழுதியதை நானே வாசித்து, நானே தமிழில் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"யாருக்கு எழுதினது இது?"

"உங்களுக்குத்தாம்ப்பா."

"ஜெட்டிக் கடலைக்காரனுக்குன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"ஒங்க சங்கத்துக்கு அவன் யாருன்னு தெரியுமா?"

நான் கடிதத்தை மடித்தேன். பிறகு விரித்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துண்டை எடுத்தபோது வழக்கமான முகமாகவே இருந்தது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிக் கூட்டம் ஜாஸ்தி. கடலைக்காரன் வரமாட்டான். கடலை வரும்னு எழுதிக்கோ," என்றார்.

எனக்கு நெஞ்சு லேசாயிற்று. அப்படி லேசானது பற்றி அன்று எனக்குச் சங்கடமே தோன்றவில்லை. கரண்டி எத்தனை, மேசை விரிப்பு என்ன நிறம், பெயர்ப்பலகையில் தமிழ் மேலேயா ஆங்கிலம் மேலேயா என்று மிச்சமிருந்த நாட்களில் பதினொரு தீர்மானம் நிறைவேற்றினோம். கடலையை எதில் போட்டுக் கொடுப்பது என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. கடலை என்றால் காகிதக் கூம்பில் வரும். அது மழை மேலிருந்து வருவது போல.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு ரிக்‌ஷாவில் பெரிய பித்தளைப் பானை வந்து இறங்கியது. இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்க முடியும். கூடவே ஒரு சாக்குப்பை நிறையக் கூம்புகள், ஒன்றுக்குள் ஒன்று செருகி, நீளமாக. மூடியைத் திறந்ததும் தேங்காயும் கடுகும் மிளகாயும் மணத்தன. கூட்டம் வந்துவிட்டது. தலைவன் கடலை அள்ளிப் போட, நான் கூம்பு எடுத்துக் கொடுத்தேன். முதல் இருபது சீனப் பத்திரிகைத் தாள். அதற்குக் கீழே இருந்ததை எடுத்தபோது, 'நீராவி இயந்திரத்தின் பயன்கள்' என்று என் கையெழுத்து என்னைப் பார்த்தது.

ஆண்டுதோறும் பரீட்சை முடிந்ததும் என் நோட்டுப்புத்தகங்களை அப்பா வாங்கிக்கொள்வார். தாள் தடிப்பு, எண்ணெய் இறங்காது, ஜெட்டியில் அதற்கு மதிப்பு என்பார். பெரியில் ஏறுகிறவன் தின்றுவிட்டுக் கடலில் எறியப் போகிறான், எறியட்டும் என்று இருந்தேன். இங்கே கடல் இல்லை. இங்கே இருந்தவர்கள் எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும். அதுதான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் தொல்லை. சாக்கிலிருந்து எனது நாலு வருடப் படிப்பு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒரு சீமாட்டி என் பின்னக் கணக்கைத் தின்றுகொண்டே தப்புக் கண்டுபிடித்தாள். கீழ்வகுப்புப் பையன்கள் சிவப்பு மையைப் பார்த்து, "அண்ணே, எனக்கு அறுபதுக்கு மேல மார்க் வாங்கின கடலை குடுங்கண்ணே," என்று கேட்க ஆரம்பித்தார்கள். பூகோளம் சீக்கிரம் தீர்ந்துபோனது. அல்ஜீப்ராவை யாரும் விரும்பவில்லை. தாள்களின் மேல் மூலையில் என் பெயரும் வகுப்பும் இருந்தன. சுத்தமாக எழுதும் பழக்கம்.

தலைவன் ஒரு கூம்பை எடுத்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான். இப்போது கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் கண் கலங்கியிருந்தது.

"சொல்லவே இல்லையேடா. விஞ்ஞானக்கூடத்துக்காக ஒன் புஸ்தகத்தையெல்லாம் கிழிச்சுக் குடுத்துட்டியா?"

சும்மா நின்றேன், அதுவே போதுமாக இருந்தது. கடைக்குப் பின்னாலேயே அவசரக் கூட்டம் கூடி, செயலாளரின் தியாகத்துக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எழுதவேண்டியவன் நான் என்பதால், 'ஒப்பற்ற' என்ற சொல்லைத் தலைவன் சொன்னபடியே எழுதினேன்.

சற்று நேரத்தில் எங்கள் ஆங்கில ஆசிரியர் வந்தார். நெட்டையான பாதிரியார்; கடலையை ஒவ்வொன்றாக எண்ணித் தின்கிறவர் போல நிதானமாகத் தின்றார். தின்றுமுடித்ததும் காகிதத்தைப் பிரித்து நீவினார். 'என் தந்தை' என்ற கட்டுரை. அதை நான் இரண்டாண்டுக்கு முன் எழுதினேன். 'என் தந்தை தானிய வகைகளை மொத்தமாகக் கொள்முதல் செய்யும் வணிகர். துறைமுகத்தில் அவருக்கு விரிவான தொடர்புகள் உண்டு.' எழுபத்திரண்டு மதிப்பெண். ஓரத்தில் அவருடைய சிவப்பு மையிலேயே, 'ஊக்கமுள்ள மனிதர் என்று தெரிகிறது' என்று இருந்தது.

உன் தந்தை இன்று வந்திருக்கிறாரா என்று கேட்டார். வணிக அலுவல், வரவில்லை என்றேன். தாளை நான்காக மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டு போனார்.

ஐந்தரை மணிக்குப் பானை ஏறக்குறையக் காலியானபோது அப்பா வந்தார். ஐந்து மணிப் பெரி போனதும் பானையை எடுத்துப்போக வந்திருக்கிறார். துவைத்த வேட்டி, தலையில் தட்டுக்கு வைத்த சும்மாடு அப்படியே. வாசல் வழியாக நேராக வந்து, மேசைக்கு அந்தப் பக்கம், வாங்குகிறவர்கள் நிற்கும் இடத்தில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. ஜெட்டியில் இருப்பது போலவே.

தலைவன் அவருக்கு மரியாதையாகத்தான் பேசினான். "அண்ணே, ஒங்க கடலைதான் இன்னிக்கு முதல். சீனன் கடையில கூட இவ்வளவு கூட்டம் இல்ல."

"சந்தோஷம் தம்பி."

"ஆனா பெருமை எங்க செயலாளருக்குத்தாண்ணே. இவரு தன்னோட புஸ்தகத்தையே கிழிச்சுக் குடுத்தாரு."

அப்பா தலையசைத்தார். "பெரிய மனசு," என்றார். குரலில் ஒன்றும் இல்லை. பானையின் ஒரு வளையத்தைப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தார். அவ்வளவோடு போயிருப்பார். தலைவன் விடவில்லை. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு மேலும் சொன்னான்:

"அதுலயும் பாருங்க, இவருக்குக் கடலையே ஒத்துக்காது. ஒரு பருக்கை தின்னமாட்டாரு. நாலு வருஷமா தொட்டதில்ல. அப்படிப்பட்டவரு மத்தியானத்துலேர்ந்து நிக்கிறாரு."

அப்பா பானையை நிமிர்த்தி வைத்தார். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். கடலைக்காரன் என்று எழுதியதைப் பொறுத்துக்கொண்டார், தூணருகே நின்று கப்பல் பார்த்ததைப் பொறுத்துக்கொண்டார், தியாகத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டார். இதை மட்டும் அவரால் முடியவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"தம்பிக்குக் கடலை ஒத்துக்காதா?" என்று என்னிடம் கேட்டார். அந்நியரிடம் கேட்பது போலத்தான் கேட்டார். "என்ன செய்யுது? உப்பு ஜாஸ்தியா? வேகலையா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பானையின் அடியில் ஒரு கை கடலை கிடந்தது. அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். பசியும் இருந்தது, மதியம் சாப்பிடவில்லை. வாயில் வைத்துக்கொண்டே பேசியதால் சரியாகக் கேட்டிருக்காது என்று, விழுங்கிவிட்டு மறுபடி சொன்னேன்.

"ஒத்துக்கும். இதத் தின்னுதான் வளர்ந்தேன். எங்கப்பா அவிச்சது. பேப்பரும் அவர்தான் மடிச்சாரு. நான் ஒண்ணும் கிழிச்சுக் குடுக்கல."

பொருளாளன் மேசை விரிப்பைச் சரி செய்தான். எனக்கு நினைவிருப்பது தலைவன் கேட்டதுதான்: "அப்ப அந்த நன்றித் தீர்மானத்த என்னடா பண்றது?" துணைத்தலைவன் என்னை ஏறஇறங்கப் பார்த்து, "அப்ப உங்கட வீட்டிலயோ அவிக்கிறது?" என்றான். நாலு வருடக் கடலையை அவன் மனத்துக்குள் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

அப்பாதான் எல்லோரையும் மீட்டார். "அதெல்லாம் பொறவு பேசலாம். அந்தப் பக்கத்து வளையத்தப் புடி," என்றார்.

பிடித்தேன். இரண்டு பேருமாகப் பானையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவாக, சீமாட்டிகளின் நிழலைத் தாண்டி, முன்வாசல் வழியாக வெளியே வந்தோம். சாலையில் ரிக்‌ஷாவுக்குக் காத்திருந்தபோது அவர் சொன்னார்: "பள்ளிக்கூடத்துக்குப் போற கடலையாச்சே, பள்ளிக்கூடத்துப் பேப்பர்லயே போகட்டும்னு நெனச்சேன். ஒனக்குக் கஷ்டமாப் போச்சோ?" இல்லை என்றேன். அது பொய். ஆனால் அவர் நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் நன்றித் தீர்மானத்தில் திருத்தம் கொண்டுவந்தேன். என் பெயரை அடித்துவிட்டு அப்பாவின் பெயரை எழுத விவாதம் முக்கால் மணி நேரம் நடந்தது. குழுவின் உறுப்பினர் அல்லாதவருக்கு 'ஒப்பற்ற' என்ற சொல் பொருந்துமா என்பதில் சிக்கல். 'மிகுந்த' என்று குறைத்து நிறைவேற்றினார்கள். துணைத்தலைவன் ஒரு வாரம் ஜெட்டியில் அப்பாவின் தட்டைப் பார்க்காமல் நடந்தான். இரண்டாவது திங்கட்கிழமை கையை நீட்டிக்கொண்டு நின்றானாம். வெளியில் வாங்கித் தின்பது வேறு.

ஆங்கில ஆசிரியர் திங்கட்கிழமை என்னை அழைத்து, எண்ணெய்க் கறை படிந்த தாளைக் கொடுத்தார். நடையில் குறையில்லை, விஷயத்தைத் திருத்தி மறுபடி எழுதிக்கொண்டு வா என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து, தட்டு, சும்மாடு, பித்தளைப் பானை, பெரி மணி, எல்லாவற்றையும் உள்ளபடி எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு உண்மையாக நான் எதையும் எழுதியதில்லை. ஐம்பத்தெட்டு மதிப்பெண் கிடைத்தது. சும்மாடு, கச்சான், பூத்தே ஆகிய சொற்கள் ஆங்கிலத்தில் இல்லை என்று மூன்றையும் சிவப்பில் சுழித்திருந்தார்.

பரீட்சை முடிந்ததும் அந்தக் கட்டுரை எழுதிய நோட்டுப்புத்தகத்தையும் அப்பா வாங்கிக்கொண்டார். எது எழுபத்திரண்டு, எது ஐம்பத்தெட்டு என்று அவருக்குத் தெரியாது. தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நல்ல தடிப்பு," என்றார்.